ஏப்பம் விடும் போத்தல்

ஒரு பங்கு பழுப்புச் சீனி,
மூன்று பங்கு பழத்தோல்,
பத்துப் பங்கு குழாய்த் தண்ணீர்.
மூன்று மாதத்தில் இது தரையைத் துடைக்கும் என்றேன்.
அதுவரை தரை காத்திருக்குமா
என்றார் மரியதாஸ்.

பகலில் நான் கடைத்தொகுதிக் கழிவறைகளின் அரசி.
சிவப்பு வாளி பீங்கானுக்கு, நீல வாளி கண்ணாடிக்கு.
குளோரினை எதோடும் சேர்க்காதே என்று
நான்கு மொழியில் ஒரு தாள், கதவின் உள்பக்கம்.
மோ மோ சேர்த்தாள்.
மஞ்சள் கறை போக்கும் அமிலத்தை
அவசரத்தில் அதே வாளியில்.
நான்தான் அவளை வெளியே இழுத்துவந்தேன்.
ஒரு வாரம் இருவருக்கும் ஒரே இருமல்.

எலும்புக்கூடு படம் போட்ட எதுவும்
என் வீட்டுக்குள் வராது என்று
அன்று மாலை, செருப்பைக் கழற்றும்போதே
சட்டம் போட்டேன்.

தோலுக்கு அலையவில்லை.
புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில்
லிம் பிழிந்து எறிவது நாளைக்கு நூறு.
லிம்மின் லைம் என்று நான் சிரித்தால்
இருபது வருடமாய்க் கேட்டுச் சலித்த முகத்தோடு
பையை நீட்டுவார்.
அன்னாசித் தோல் எதிர்வீட்டு ரோஹானாவுடையது,
பெருநாளுக்குத் தார்ட் சுட்ட வாரம்.

தினமும் போத்தல் ஏப்பம் விடவேண்டும்.
படுக்குமுன் மூடியைத் தளர்த்தினால்
ஸ்ஸ் என்று ஒரு மூச்சு,
பிறகு இறுக்கவேண்டும்.
அந்த வேலையை மரியதாஸிடம் விட்டேன்.
பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டார்.
சில இரவு
எழுந்துபோய் இரண்டாம் தரமும் திறப்பார்.

பதினேழாம் நாள் சண்டை.
எழுதினால் சிறியதாகத் தெரியும்:
தம்பிக்கு அவர் கொடுத்த இரண்டாயிரம் வெள்ளி,
அது எனக்குத் தெரியவந்த விதம்.
ஆறு நாள் பேச்சில்லை.
சோறு மேசையில், தட்டு மூடி.
நான் திறப்பேன் என்று அவரும்
அவர் திறப்பார் என்று நானும்.
போத்தல் யார் பக்கமும் சேரவில்லை.

ஏழாம் நாள் விடிகாலை மூன்று பத்துக்கு
அடுப்படியில் வெடித்தது.

ஓடிப்போய் விளக்கைப் போட்டால்
அன்னாசிக் கண்கள் எங்களை உற்றுப் பார்க்கின்றன
சுவரிலிருந்து, அரிசிப் பானையிலிருந்து,
காய்ந்துகொண்டிருந்த என் சீருடையிலிருந்து.
ரோஹானா கதவைத் தட்டினாள்: கேஸா?
அன்னாசி என்றார் மரியதாஸ்.
ஒரு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

துடைத்தோம்.
முக்காலி மேல் அவர், முக்காலியைப் பிடித்தபடி நான்.
அப்போதுதான் பார்த்தோம்,
பதினோரு வருடம் மீன் பொரித்த புகை படிந்த உட்கூரையில்
சாறு தெறித்துத் துணி பட்ட இடம் மட்டும்
கைக்குட்டை அளவு வெள்ளை.
முழுக்க இந்த நிறமாகவா இருந்தது என்றார்.
ஆமாம் என்றேன்.
செப்டம்பரில் தருவான் என்றார், கூரையைப் பார்த்தே.
தரமாட்டான் என்றேன்.
தெரியும் என்றார்.

இப்போது ஒரு தொல்லை.
அந்த வெள்ளைக்குப் பக்கத்தில்
மீதிக் கூரை அத்தனையும் அழுக்கு.
நேற்றுவரை அது வெறும் கூரை.
சமையல் சோடாவைக் குழைத்து
ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு தலையணை அளவு தேய்க்கிறோம்.
வினிகரையும் சேர்த்தால் பொங்கும், பார்க்க அழகு,
ஆனால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், கறை சிரிக்கும்,
இது என் தொழில், எனக்குத் தெரியும் என்கிறேன்.
அவர் சேர்க்கிறார்.
நுரை பிடித்திருக்கிறதாம்.

குளிர்பெட்டிக்கு அடியிலிருந்து
எறும்புகள் இன்னும் வருகின்றன,
நாங்கள் தவறவிட்ட ஏதோ ஒரு சொட்டை நம்பி.

புதுப் போத்தலில் தேதி ஒட்டியாயிற்று.
ஒரு நாள் அவர், ஒரு நாள் நான்.
நேற்று யார் முறை என்று இன்று காலை சின்னத் தகராறு.
இரண்டு பேரும் திறந்திருக்கிறோம்.